வலிப்பா, வெறும் நடுக்கமா? பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"தலை ஸ்கேன் நார்மல், அதனால ஃபிட்ஸ் இல்ல." எஸ்.என்.சி.யூ. என்னும் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவில் டியூட்டி மாறும்போது புதியவர்கள் சொல்லும் வாக்கியங்களில் அதிகம் தப்பாகப் போவது இதுதான். "எம்.ஆர்.ஐ.ல பாதிப்பு தெரியுது, அதனால கை ஆடுறது ஃபிட்ஸ்தான்" என்பதும் அதே தவறுதான். ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் மூளை எப்படி இருக்கிறது என்று காட்டும். ரத்தம் கசிந்திருக்கிறதா, எந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை, பிறவியிலேயே அமைப்பு மாறியிருக்கிறதா என்பதெல்லாம் அவற்றில் தெரியும். இப்போது கை ஆடுகிறதே, இது மூளையின் மின் கோளாறா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.இ.ஜி. மட்டும்தான்.

கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஈ.இ.ஜி.யில் பதிவான வலிப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வெளியே தெரியும் அசைவு இருந்தது. பணியில் இருந்தவர்கள் கவனித்துக் குறித்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவர்கள் வலிப்பு என்று எழுதிவைத்தவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈ.இ.ஜி.யில் ஒன்றுமே இல்லை. அனுபவசாலிகள் இருந்த பிரிவிலேயே இந்த நிலைமை.

ஆனால் கடலூர், விருத்தாசலம், சிதம்பரம் வட்டாரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஈ.இ.ஜி. கையருகே இருக்காது. அதனால் கையில் இருப்பதை வைத்து எதை முதலில் செய்வது, எந்தக் கருவியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற வரிசை பிடிபட வேண்டும்.

முதல் இரண்டு நிமிடம்: போர்வையை விலக்குங்கள், கையைப் பிடியுங்கள்

பாட்டி வந்து "புள்ள வெட்டி வெட்டி இழுக்குது" என்பார். செவிலியர் "ஜிட்டரியா இருக்கு சார்", அதாவது நடுங்குகிறது, என்பார். இரண்டையும் அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற்றாமல் நேரில் பாருங்கள். வார்மர் விளக்கைப் போட்டு, துணியை முழுக்க விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடும் கையையோ காலையோ உள்ளங்கையில் ஏந்தி, மூட்டை மெல்ல மடக்கிப் பிடியுங்கள். வெறும் நடுக்கமாக இருந்தால் உடனே நின்றுவிடும். விட்டால் திரும்பவும் வரலாம். நடுக்கம் வேகமாக, நொடிக்கு ஐந்தாறு தடவை, முன்னும் பின்னும் ஒரே அளவில் போய்வரும். தொட்டாலோ, கதவு அடித்தாலோ, அழுதாலோ கூடும். விரலைச் சப்பக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கண்பார்வை இயல்பாக இருக்கும்.

வெட்டு வலிப்பின் போக்கு வேறு. ஒரு வேகமான இழுப்பு, பிறகு மெதுவான தளர்வு, மறுபடி இழுப்பு. நொடிக்கு ஒன்றிலிருந்து மூன்று. பிடித்தாலும் நிற்காது. உங்கள் கைக்குள்ளேயே அந்தத் துடிப்பு தட்டிக்கொண்டிருக்கும். கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டோ, திறந்தபடி வெறித்துக்கொண்டோ இருக்கலாம். இதயத் துடிப்பு திடீரென ஏறலாம், ஆக்சிஜன் அளவு இறங்கலாம்.

ஒரே பக்கத்துக் கை மட்டும் தாளம் தப்பாமல் வெட்டுகிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் விறைத்து நிற்கிறது என்றால் அதை வலிப்பாகவே எடுத்துக்கொண்டு மேலே போங்கள். இந்த இரண்டு வடிவங்களும் ஈ.இ.ஜி.யோடு நன்றாகப் பொருந்துபவை. சைக்கிள் மிதிப்பது, உதட்டைச் சப்புவது, உடல் முழுக்க விறைப்பது போன்றவற்றில்தான் கண் ஏமாறும். மூச்சுத் திணறிப் பிறந்து மயக்கத்தில் கிடக்கும் குழந்தையிடம் இவை மின் கோளாறு இல்லாமலும் வரும்.

மூச்சு நிற்பது மட்டும் தனியாக வந்தால், அதுவும் குறைமாதக் குழந்தைக்கு வந்தால், வலிப்பு என்பது பட்டியலில் கடைசி. குறைமாத மூச்சுத்தடையில் இதயத் துடிப்பு குறையும். வலிப்பால் வரும் மூச்சுத்தடையில் தொடக்கத்தில் துடிப்பு ஏறும் அல்லது மாறாமல் இருக்கும். மானிட்டரில் பார்க்கவேண்டிய இடம் அது.

சர்க்கரை: எந்தப் படத்துக்கும் முன்னால்

நடுக்கமோ வலிப்போ, இரண்டுக்கும் பொதுவான காரணம் சர்க்கரை குறைவது. ஆகவே முதல் பரிசோதனை குளுகோமீட்டர்தான். குதிகாலின் ஓரத்தில் குத்துங்கள், நடுவில் வேண்டாம். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்தபின் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். காலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு தவறும். ரத்தம் கெட்டியாக இருக்கும் குழந்தைகளுக்கு மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால் ஆய்வகத்துக்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள். ஆனால் முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே புழக்கத்தில் உள்ள நெறிமுறைகள் 40 முதல் 45 மி.கி./டெ.லி. வரை எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே போய், அசைவும் இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. நரம்பில் கொடுத்து, தொடர்ந்து நிமிடத்துக்கு கிலோவுக்கு 6 முதல் 8 மி.கி. குளுகோஸ் போகும்படி டிரிப்பை ஓட்டுங்கள். ஒரு தடவை ஏற்றிவிட்டு டிரிப் போடாமல் விட்டால் அரை மணியில் சர்க்கரை மறுபடி விழும்.

அடுத்தது கால்சியம். முதல் மூன்று நாளில் குறைந்தால் குறைமாதம், அம்மாவுக்குச் சர்க்கரை நோய், பிறக்கும்போது மூச்சுத் திணறல் இவற்றைத் தேடுங்கள். முதல் வாரக் கடைசியில் குறைந்தால் பசும்பால் கொடுத்தார்களா, அம்மாவுக்கு வைட்டமின் டி குறைவா என்று கேளுங்கள். 10 சதவீத கால்சியம் குளுகோனேட் கிலோவுக்கு 2 மி.லி., அதே அளவு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும். துடிப்பு 100க்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். ஊசி நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோல் வெந்து அழுகிவிடும். கேனுலா ஓடுகிறதா என்று சலைன் விட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் சில உண்டு. சளிக்கு என்று கற்பூரம் கலந்த எண்ணெய் தேய்த்தார்களா? கற்பூரமே வலிப்பை வரவழைக்கும். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா? அப்படியென்றால் வளர்சிதை மாற்றக் கோளாறுகள் மேலே வரும். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ பிறந்த முதல் வாரத்தில் வலிப்பு வந்து தானாக நின்றதா? இதை அம்மாவிடம் கேட்டால் தெரியாது. அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் கேளுங்கள்.

தூங்கும்போது மட்டும் வருகிறதா

ஓ.பி.யில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் தொடங்கும், தூக்கத்தில் மட்டும் கைகால் துள்ளும். இரண்டு பக்கமும் வரலாம், வரிசையாகப் பல நிமிடம் தொடரவும் செய்யலாம். பார்ப்பவர்களுக்கு வலிப்பு நிலை, அதாவது விடாமல் தொடரும் வலிப்பு, என்றே தோன்றும். அடையாளம் ஒன்றே: குழந்தையை எழுப்புங்கள். முழித்த கணமே நின்றுவிட்டால் அது தூக்கத் துள்ளல். ஈ.இ.ஜி. இயல்பாக இருக்கும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நடுக்கத்தைப் போல இது பிடித்தால் நிற்காது, சில சமயம் அதிகமாகும். ஆட்டினாலும் கூடும். நம் வீடுகளில் குழந்தை தூங்குவது தூளியில். "ஆட்ட ஆட்ட ஜாஸ்தியாகுது டாக்டர்" என்று அம்மா சொன்னால் அது பயமுறுத்தும் செய்தி ஆகாது, நோயைக் கண்டறிய உதவும் துப்பு. மிடாசோலம், குளோனசெபாம் வகை மருந்துகள் இந்தத் துள்ளலை மோசமாக்கும். மருந்து ஏற ஏறத் துள்ளல் கூடி, கூடக் கூட மருந்து ஏறும் கதை அப்படித்தான் நடக்கிறது.

அரிதான இன்னொன்று அதிர்ச்சி விறைப்பு நோய். மூக்கின் நுனியில் விரலால் லேசாகத் தட்டினால் ஒவ்வொரு முறையும் குழந்தை தூக்கிவாரிப்போடும், பழகிப்போகாது. விறைத்து மூச்சு நின்றால் தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கம் மடக்கிப் பிடியுங்கள், விறைப்பு விடும். இதை வீட்டாருக்கும் செய்துகாட்டி அனுப்ப வேண்டும்.

செல்போன் வீடியோ

ஈ.இ.ஜி. இல்லாத இடத்தில் இதுதான் அடுத்த சாட்சி. முழு உடம்பும் முகமும் ஒரே சட்டகத்தில் வரட்டும். கையை மட்டும் நெருக்கி எடுத்த வீடியோவில் கண் தெரியாது, பாதிப் பயன் போய்விடும். குறைந்தது இரண்டு நிமிடம். நடுவில் ஒருவர் ஆடும் கையைப் பிடித்து விடுவதும், குழந்தையை எழுப்பிப் பார்ப்பதும் பதிவாக வேண்டும். மானிட்டர் எண்ணையும் ஒரு தடவை காட்டுங்கள். பெற்றோர் சம்மதத்தைக் கேட்டு எழுதிவைத்து, சிகிச்சை தரும் குழுவுக்கு மட்டும் அனுப்புங்கள். பொதுவான வாட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது.

ஈ.இ.ஜி.: பாதி வேலை தலையைத் துடைப்பதில்

பிரிவில் சுருக்க ஈ.இ.ஜி. கருவி, அதாவது ஏ.ஈ.இ.ஜி., இருந்தால் படுக்கையிலேயே தொடங்கலாம். முழு ஈ.இ.ஜி.க்குப் பச்சிளங்குழந்தைக்கான குறைந்த தொகுப்பாக ஒன்பது எலெக்ட்ரோடு, கூடவே இதய, சுவாசப் பதிவு, முடிந்தால் வீடியோ. ஏ.ஈ.இ.ஜி.க்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, தலையில் சி3-பி3, சி4-பி4 எனக் குறிக்கப்படும் இடங்களில்; நெற்றியில் ஒரு எர்த்.

நம் ஊரில் பதிவு கெட்டுப்போக முதல் காரணம் தேங்காய் எண்ணெய். வார்டுக்கு வரும் குழந்தையின் தலையில் அது இல்லாமல் இருக்காது. எண்ணெய்ப் படலத்தின் மேல் பேஸ்ட் வைத்தால் மின்தடை இறங்கவே இறங்காது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் முடியைப் பிரித்துத் துடைத்து, உலர்த்தி, பிறகு தோல் தேய்க்கும் ஜெல்லைக் காதுக்குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் மெல்ல நாலைந்து சுற்று தேயுங்கள். 28 வாரக் குழந்தையின் தோல் ஈரக் காகிதம் போல. அங்கே தேய்ப்பதே வேண்டாம், துடைத்தால் போதும். மின்தடை முழு ஈ.இ.ஜி.க்கு 5 கிலோஓமுக்குக் கீழும், ஏ.ஈ.இ.ஜி.க்கு 10 கிலோஓமுக்குக் கீழும் இருக்கட்டும். மே மாதக் கடலோரப் புழுக்கத்தில் வியர்த்து எலெக்ட்ரோடு வழுக்கும். நாலு மணிக்கு ஒருமுறை மின்தடையைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது தொல்லை கரண்ட். கோடு முழுக்கத் தடித்துத் தெரிந்தால் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். வார்மர் மேல் சார்ஜர் போட்டுவைத்த போனை முதலில் எடுங்கள். சிரிஞ்சு பம்பின் வயரும் எலெக்ட்ரோடு வயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கக் கூடாது. எர்த் எலெக்ட்ரோடு பிய்ந்திருக்கிறதா பாருங்கள். கருவிக்கு யு.பி.எஸ். கட்டாயம், 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு மின்சாரம் எத்தனை நாள் வரவில்லை என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏ.ஈ.இ.ஜி. படிக்கும்போது இரண்டு ஓரங்களைப் பாருங்கள். நிறைமாதக் குழந்தையில் மேல் ஓரம் 10 மைக்ரோவோல்ட்டுக்கு மேலும் கீழ் ஓரம் 5க்கு மேலும் இருப்பது இயல்பு. தூங்கி விழிக்கும்போது பட்டை அகன்றும் குறுகியும் அலைபோல் மாறினால் நல்ல அறிகுறி. வலிப்பு வந்தால் கீழ் ஓரம் திடீரென வில்போல் மேலே எழும்பும். அடுத்தடுத்து எழுந்தால் ரம்பப் பல் மாதிரி தெரியும், அது வலிப்பு நிலை.

எழும்பியதும் மருந்தை எடுக்காதீர்கள். அந்த இடத்தைத் தொட்டு மூல ஈ.இ.ஜி.யைத் திறங்கள். உண்மையான வலிப்பில் ஒரே மாதிரி அலை தாளமாக மறுபடி மறுபடி வரும். போகப்போக அதன் வேகமோ, உயரமோ, வடிவமோ மாறும். இந்தப் படிப்படியான மாற்றம்தான் அடையாளம். மாறாமல் ஒரே சீராக ஓடினால் இதயத் துடிப்பையோ, உயர் அதிர்வெண் வென்டிலேட்டரையோ, முதுகைத் தட்டிக்கொடுக்கும் அம்மாவின் கையையோ சந்தேகியுங்கள். அதனால்தான் தட்டிக்கொடுத்தது, துணி மாற்றியது, விக்கல், குழாயில் பால் கொடுத்தது எல்லாவற்றுக்கும் கருவியில் குறி போட வேண்டும் என்கிறோம். ராத்திரி டியூட்டியில் இந்தக் குறி விடுபட்டால் காலையில் படிப்பவர் ஊகித்துக்கொண்டிருப்பார்.

ஏ.ஈ.இ.ஜி. தவறவிடுவதும் உண்டு: அரை நிமிடத்துக்கும் குறைவான வலிப்புகள், நெற்றிப் பக்கமோ பிடரிப் பக்கமோ ஓரிடத்தில் மட்டும் ஓடுபவை. அதில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒரு கை மட்டும் தாளமாக வெட்டுகிறது என்றால் முழு ஈ.இ.ஜி. கேளுங்கள். எப்போதாவது வரும் அசைவுக்குப் பதிவு ஒரு தூக்க விழிப்புச் சுற்றையாவது, அதாவது ஒரு மணி நேரமாவது, பிடிக்க வேண்டும். மூச்சுத் திணறிய குழந்தைக்கு 24 மணி நேரம். மூளையைக் காக்க உடல் சூட்டைக் குறைத்துவைக்கும் 72 மணி நேரக் குளிர்விப்பில் இருந்தால் அது முழுக்கவும், சூடேற்றும் நேரத்திலும் பதிவு ஓடட்டும்.

வலிப்பு மருந்தான ஃபீனோபார்பிட்டோனைக் கிலோவுக்கு 20 மி.கி. ஏற்றியதும் கை ஆட்டம் நிற்கும், எல்லோரும் மூச்சுவிடுவார்கள். ஆனால் அசைவு நின்றும் மூளைக்குள் வலிப்பு தொடர்வது இந்த வயதில் சகஜம். எலெக்ட்ரோடைக் கழற்றுவதற்குச் சரியான நேரம், கடைசி மின் வலிப்பு போய் 24 மணி நேரம் ஆன பிறகு.

உச்சிக்குழி ஸ்கேன்

கேள்வி இப்போது 'ஏன்' என்று மாறுகிறது. உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டைக் குழந்தையை நகர்த்தாமலே செய்யலாம். 5 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் சிறிய புரோப், வெதுவெதுப்பாக்கிய ஜெல். குளிர்ந்த ஜெல் பட்டால் குழந்தை துள்ளும், வார்மரில் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கு உடல் சூடும் குறையும். முன்னிருந்து பின்னாக ஆறு குறுக்குவெட்டு, இடமிருந்து வலமாக ஐந்து நெடுக்குவெட்டு. சிறுமூளைக்குக் காதுக்குப் பின்னால் உள்ள குழி வழியாகவும் பாருங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

மூளைநீர் அறைக்குள் கசிந்த ரத்தம், நீர் கோத்து விரிந்த அறைகள், பெரிய அமைப்புக் குறைகள், சுண்ணாம்புப் படிவுகள் நன்றாகத் தெரியும். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில் நடப்பதால் அந்த வயதுக்கு இது பொன்னான பரிசோதனை. நிறைமாதக் குழந்தையின் வலிப்பில் அப்படிச் சொல்ல முடியாது. மண்டையோட்டின் வளைவை ஒட்டிய கசிவும், முதல் ஓரிரு நாளின் பக்கவாதமும் இதில் தப்பிவிடும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தால் 'அல்ட்ராசவுண்டில் நார்மல்' என்றே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

எம்.ஆர்.ஐ.: நாள் பார்த்து அனுப்புங்கள்

நன்றாக இருந்த நிறைமாதக் குழந்தைக்கு இரண்டாம் நாள் ஒரு கை மட்டும் வெட்டுகிறது என்றால் பிறப்பை ஒட்டிய பக்கவாதத்தை நினையுங்கள். இடது மூளை நடுத்தமனிப் பகுதியில் அதிகம் வரும். திசுவில் நீர் நகர்வதை வைத்து எடுக்கும் விரவல் படம், அதாவது டி.டபிள்யூ.ஐ., இதைப் பளிச்சென்று காட்டும். அதோடு கூடவே வரும் ஏ.டி.சி. வரைபடத்தில் அதே இடம் கறுப்பாக இருந்தால்தான் புதிய பாதிப்பு.

மூச்சுத் திணறலுக்கு மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நல்ல நேரம். முதல் நாளே எடுத்தால் பாதிப்பைக் குறைத்துக் காட்டும். ஒரு வாரம் கடந்தால் டி.டபிள்யூ.ஐ. இயல்புபோல் ஆகிவிடும், அப்போது டி1, டி2 படங்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கோரிக்கைச் சீட்டில் வெறுமனே 'எம்.ஆர்.ஐ. மூளை' என்று எழுதாமல் டி.டபிள்யூ.ஐ., ரத்தக் கசிவுக்கு எஸ்.டபிள்யூ.ஐ., சிரை அடைப்புச் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.வி. என்று கேளுங்கள். சர்க்கரை குறைந்த வரலாறு இருந்தால் அதையும் எழுதுங்கள், படிப்பவர் பின்பக்க மூளையைக் கூர்ந்து பார்ப்பார். சி.டி. அவசர ரத்தக்கசிவுக்கு மட்டும். கதிர்வீச்சு வீணாகக் கொடுக்கவேண்டியதில்லை.

மயக்க மருந்து இல்லாமலே எடுக்கலாம். ஒரு வேளைப் பாலைத் தள்ளிப்போட்டு, படத்துக்கு அரை மணி முன்னால் வயிறு நிறையத் தாய்ப்பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணியில் இறுக்கிச் சுற்றினால் தூங்கிவிடும். காதுக்குள் மெழுகு அடைப்பான், மேலே காது மூடி. அரைஞாண், காப்பு, கொலுசு, ஊக்கு, உலோகப் பொத்தான் வைத்த சட்டை, சாதாரண ஈ.சி.ஜி. லீடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கறுப்புக் கயிற்றுக்குள் தாயத்துத் தகடு ஒளிந்திருக்கும். அவிழ்க்கும் முன் பாட்டியிடம் சொல்லிவிட்டு, அவர் கையிலேயே கொடுங்கள். தகராறு வராது.

எம்.ஆர்.ஐ. இயல்பாக வந்தும் வலிப்பு உண்மையாக இருக்கலாம். சோடியம், பொட்டாசியம் வாயில்களின் மரபணுக் கோளாறுகளும் வைட்டமின் பி6 சார்ந்த வலிப்பும் அப்படிப்பட்டவை. காய்ச்சலோ, பால் குடிக்காமையோ கூட இருந்தால் படத்துக்காகக் காத்திராமல் முதுகுத்தண்டு நீர் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்குங்கள்.

ஜிப்மருக்கு அனுப்பும்போது

கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கம்தான். திட்டக்குடி, வேப்பூர் பக்கமிருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 108இல் ஏற்றும் முன் சர்க்கரை பார்த்து, வழியிலும் மணிக்கொருமுறை பாருங்கள். டிரிப்பை நிறுத்தி ஏற்றாதீர்கள். உடலை ஒட்டித் துணி, தலைக்குத் தொப்பி. அம்மாவால் வரமுடிந்தால் கூடவே அனுப்புங்கள், எம்.ஆர்.ஐ.க்கு முன் பால் வேண்டும்.

சீட்டில் 'ஃபிட்ஸ், ரெஃபர்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே முதலிலிருந்து தொடங்குவார்கள். எந்தக் கை, எத்தனை நிமிடம், பிடித்தபோது நின்றதா, எழுப்பியபோது நின்றதா, கண் எப்படி இருந்தது, அப்போதைய சர்க்கரை எவ்வளவு என்று எழுதுங்கள். வீடியோ யார் போனில் இருக்கிறது என்பதும் வேண்டும். ஃபீனோபார்பிட்டோன் கொடுத்த நேரத்தையும் மொத்த மில்லிகிராமையும் தனி வரியில் கோடிட்டு எழுதுங்கள். அந்த வரி இல்லையென்றால் அங்கே மறுபடியும் முழு அளவு ஏறி, மூச்சு நின்று வென்டிலேட்டரில் போடவேண்டி வரலாம்.